வீட்டுக்கு வயதாகிறது, மண்ணுக்கு விலை ஏறுகிறது: சான்டா கிளாரா கவுன்ட்டியின் தனி வீடுகள்

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருக்கும் சன்னிவேல் நகரின் பழைய தெருக்களில் ஒரே சாயலில் வீடுகள் வரிசையாக வரும். ஒற்றைத் தளம், மரச்சட்டத்தில் எழுப்பிய சுவர், முன்னால் கராஜ், பின்னால் ஒரு சின்னத் தோட்டம். பெரும்பாலானவை 1950களிலும் 60களிலும் கட்டியவை. மூன்று படுக்கையறை, ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி. பழைய வயரிங், பழைய குழாய், குளிரைத் தடுக்காத ஜன்னல் என்று செலவு வைக்கும் சமாச்சாரங்கள் நிறைய இருக்கும். இப்படி ஒன்று இன்று விற்பனைக்கு வந்தால் 20 லட்சம் டாலரை ஒட்டியோ அதற்கு மேலோதான் பேச்சே தொடங்குகிறது.

எழுபது வருஷம் பழைய மர வீட்டுக்கு இந்த விலை எப்படி வந்தது என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. இது சிலிக்கான் பள்ளத்தாக்கு, பெரிய கம்பெனிகள், பெரிய சம்பளம், கூட்டம் வந்து குவிந்தது, விலை ஏறியது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் பாதியிலேயே நின்றுவிடும்.

சான்டா கிளாரா கவுன்ட்டியில் 1950இல் சுமார் 2.9 லட்சம் பேர் இருந்தார்கள். 1970இல் 10.6 லட்சம். இருபதே வருஷத்தில் மூன்றரை மடங்குக்கும் மேல். அடுத்த இருபது வருஷத்தில், 1990 வரை, கூடியது சுமார் 4.3 லட்சம் பேர். 1990 முதல் 2020 வரையிலான முப்பது வருஷத்தில் கூடியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆக, கூட்டம் உண்மையிலேயே வந்து குவிந்த காலம் 1950 முதல் 1970 வரை. அந்தக் காலத்தில் வீடு மலிவாக இருந்தது. ஆலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் இங்கே வீடு வாங்கினார்கள். வளர்ச்சி மெதுவான பிறகுதான் விலை பறந்தது.

இந்த முரணைப் புரிந்துகொண்டால் இந்த ஊரின் வீட்டுச் சந்தை புரிந்துவிடும். என் கணிப்பில் இங்கே எழுபது வருஷத்தில் வீட்டின் விலை பெரிதாக ஏறவே இல்லை. வீட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணின் விலைதான் ஏறியது. அந்த மண்ணில் என்ன கட்டலாம், எத்தனை குடும்பம் வாழலாம் என்ற விதிகளும், அதை யார் எப்போது விற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் வரிக் கணக்கும் சேர்ந்துதான் அதை ஏற்றின. உலகளவிலும் இதே போக்கு உண்டு. நால், ஷுலரிக், ஸ்டெகர் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 14 பணக்கார நாடுகளின் வீட்டு விலையை 1870இலிருந்து திரட்டி 2017இல் வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய விலை ஏற்றத்தில் 80 சதவீத அளவுக்கு நிலத்தின் விலையே காரணம் என்பது அவர்கள் முடிவு. சான்டா கிளாரா அந்தப் போக்கின் உச்சம்.

பழத்தோட்டம் வீட்டு மனையானது

போருக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கு பழத்துக்குப் பேர்போனது. பிளம், ஆப்ரிகாட், செர்ரி. வசந்தத்தில் மைல் கணக்கில் வெள்ளைப் பூவாக இருக்குமாம். மனம் குளிரும் பள்ளத்தாக்கு என்ற பொருளில் அதற்கு ஒரு பட்டப் பெயரும் இருந்தது. பழத்தைக் காயவைக்கும் களங்களும் டப்பாவில் அடைக்கும் ஆலைகளும்தான் முக்கியத் தொழில்.

போர் முடிந்ததும் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது வேலை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1951இல் தன் நிலத்தில் தொழில் பூங்கா தொடங்கியது. ஐபிஎம் 1952இல் கவுன்ட்டியின் பெரிய நகரமான சான் ஹோசேயில் ஆய்வுக்கூடம் திறந்தது. லாக்ஹீடின் ஏவுகணைப் பிரிவு 1956இல் சன்னிவேலுக்கு வந்தது. இரண்டாவது கடன். 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுக்கடன் காப்பீடும், 1944இல் வந்த முன்னாள் படைவீரர் சட்டமும் சேர்ந்து, கையில் பெரிய தொகை இல்லாதவரும் நீண்ட காலத் தவணையில் வீடு வாங்க வழி செய்தன. மூன்றாவது நிலம். அதைத் திறந்துவிட்ட கதை சுவாரஸ்யமானது.

சான் ஹோசே நகர நிர்வாகியாக 1950 முதல் 1969 வரை இருந்தவர் ஆன்டனி ஹாமன். ஊர் அவரை டச் ஹாமன் என்று அழைத்தது. வளர்ச்சி என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்: எல்லையை நீட்டு. அவர் காலத்தில் ஏறத்தாழ 1,400 தடவை சுற்றுப்புற நிலம் நகரத்தோடு இணைக்கப்பட்டது. 17 சதுர மைலாக இருந்த நகரம் பல மடங்கு விரிந்தது. சுமார் 95,000 பேர் இருந்த ஊர் 1970இல் நாலரை லட்சத்தைத் தொட்டது. தோட்டக்காரர் விற்பார், நகரம் இணைத்துக்கொள்ளும், சாக்கடையும் தண்ணீரும் போகும், கட்டுநர் ஒரே அச்சில் வீடுகளைக் கட்டி அடுக்குவார். அடுத்த தோட்டம் எப்போதும் காத்திருந்ததால் எந்த மனைக்காரரும் விலையை அதிகம் ஏற்ற முடியவில்லை. 20 வருஷம் விலை அடங்கியே இருந்ததற்கு இதைவிடப் பெரிய ரகசியம் கிடையாது.

அந்தக் காலத்தை நல்ல காலம் என்று மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். வீடு எல்லோருக்கும் விற்கப்படவில்லை. கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் பத்திரத்திலேயே இருந்தன. அவற்றை நீதிமன்றம் நிறைவேற்றித் தர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்ன பிறகும் தரகர்களும் கட்டுநர்களும் வழக்கத்தை விடவில்லை. கலிபோர்னியா 1963இல் வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடைசெய்தது. 1964இல் வாக்காளர்களே அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு நடுவில் ஜோசப் ஐக்லர் என்ற கட்டுநர் கலிபோர்னியாவில் 11,000க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டினார். கணிசமானவை பாலோ ஆல்டோவிலும் சன்னிவேலிலும் உள்ளன. வாங்க வருபவர் யாராக இருந்தாலும் விற்பேன் என்று நின்றார். வீடு கட்டுநர்களின் தேசியச் சங்கம் அந்தக் கொள்கையை ஏற்க மறுத்ததால் 1958இல் அதிலிருந்து விலகினார். 1950களில் 60களில் வாங்கியவர்களுக்குப் பிற்பாடு கிடைத்த மண் விலை ஏற்றம் தலைமுறைச் சொத்தாக மாறியது என்பதால், அன்று யாருக்குக் கதவு மூடப்பட்டது என்பது இன்றைய விலைப் பேச்சிலும் சேர வேண்டிய கணக்கு.

இன்னொன்றும் அப்போதே நடந்தது. ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான ஒரு வீடு மட்டும் என்று மண்டலம் வகுக்கும் வழக்கம் இந்த சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில்தான் முளைத்தது. 1916இல் பெர்க்லி நகரம் அதைக் கொண்டுவந்தது. மண்டலம் வகுக்கும் அதிகாரம் நகரங்களுக்கு உண்டு என்று 1926இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தோட்டங்கள் மனையான வேகத்தில் கவுன்ட்டியின் பெரும்பகுதி அந்த விதிக்குள் போனது. சான் ஹோசேயில் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில் 94 சதவீதம் தனி வீடுகளுக்கு மட்டுமே என்று 2019இல் செய்தி வந்தபோது பலர் திகைத்தார்கள். அது ஐம்பது வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயம். காலி நிலம் மிச்சம் இருந்தவரை அந்த விதியின் விலை யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1970கள்

இந்தப் பத்து வருஷத்தில்தான் எல்லாம் திரும்பியது. கலிபோர்னியாவில் சொந்த வீட்டின் நடு மதிப்பு (வீடுகளை மதிப்பு வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பது) 1970 கணக்கெடுப்பின்படி 23,100 டாலர். நாடு முழுவதுக்கும் 17,000. மூன்றில் ஒரு பங்கு கூடுதல், அவ்வளவே. 1980இல் கலிபோர்னியா 84,500, நாடு 47,200. வித்தியாசம் 80 சதவீதத்தை நெருங்கிவிட்டது. 1990இல் 1,95,500க்கு எதிராக 79,100. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

பணவீக்கம் அந்தப் பத்தாண்டில் நாடு முழுக்க இருந்தது. போருக்குப் பின் பிறந்த பெரிய தலைமுறை வீடு வாங்கும் வயதுக்கு வந்ததும் நாடு முழுக்கத்தான். கலிபோர்னியாவில் மட்டும் கூடுதலாக நடந்தது என்ன என்றால், நிலத்தின் கதவு மூடியது. மாநிலத்தின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1970இல் வந்தது. 1972இல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அதைத் தனியார் கட்டுமானங்களுக்கும் பொருந்தச் செய்தது. வடக்கே பெட்டலூமா என்ற சிற்றூர் வருஷத்துக்கு 500 வீடுதான் என்று 1972இல் வரம்பு போட்டது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டதும் மற்ற ஊர்களுக்குத் துணிச்சல் வந்தது. சான் ஹோசேயிலும் மக்கள் மனம் மாறியிருந்தது. பள்ளிக்கூடம் பற்றவில்லை, சாலை நெரிந்தது, தோட்டங்கள் கண்ணெதிரே மறைந்தன. ஊரைப் பெரிதாக்கும் முன் சிறப்பாக்குவோம் என்று சொல்லி 1974இல் ஜேனட் கிரே ஹேஸ் மேயர் தேர்தலில் வென்றார்.

அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஹாமன் காலத்து வளர்ச்சி தாறுமாறானது. மிச்சமிருந்த குன்றுகளைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பிழை வேறு இடத்தில் நடந்தது. வெளியே விரிவதை நிறுத்தினார்கள், சரி. அப்புறம் உள்ளே, ஏற்கனவே கட்டிய தெருக்களில், கூடுதல் குடும்பங்களுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அகலமும் கூடாது, உயரமும் கூடாது என்று இரண்டு பக்கமும் பூட்டிவிட்டு, அலுவலகங்களை மட்டும் வரவேற்றார்கள். சான் ஹோசே 1996இல் நகர வளர்ச்சிக்கு எல்லைக்கோடு போட்டது. தெற்கே கடைசியாக மிச்சமிருந்த பெரிய சமவெளி கொயோட்டி பள்ளத்தாக்கு. அங்கே 25,000 வீடுகள் கட்டும் திட்டம் 2008இல் கைவிடப்பட்டது. 2019இல் அதில் 937 ஏக்கரை 9.3 கோடி டாலர் கொடுத்து, திறந்தவெளியாகவே வைத்திருக்க வாங்கினார்கள். அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதன் மறுபாதி, அதாவது நகருக்குள் அந்த 25,000 குடும்பங்களுக்கு எங்கே இடம் என்ற கேள்வி, சேர்ந்து முடிவாகவில்லை.

வரி என்ற பூட்டு

வீட்டுச் சந்தையை விளக்கும் கட்டுரைகள் வட்டி விகிதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். இந்தக் கவுன்ட்டியைப் பொறுத்தவரை அதைவிட ஆழமானது 1978 ஜூன் 6ஆம் தேதி வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு. ஹோவர்டு ஜார்விஸ், பால் கேன் இருவரும் முன்னின்று கொண்டுவந்தது. 65 சதவீத அளவுக்கு ஆதரவு கிடைத்தது. விலை வேகமாக ஏறியதால் சொத்து வரியும் ஏறி, ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியவர்கள் தவித்தார்கள். அந்தப் பயம் நிஜம். அதற்குக் கிடைத்த மருந்து இப்படி: வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வரிக்கான மதிப்பு 1975–76 நிலைக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் வருஷத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறலாம். வீடு கைமாறும்போது சந்தை விலைக்கு மறுமதிப்பு.

இதன் விளைவைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். 1978இல் ஒருவர் 1 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். வருஷா வருஷம் முழு 2 சதவீதம் ஏறினாலும் 46 வருஷம் கழித்து, 2024இல், அவருடைய வரி மதிப்பு சுமார் 2,49,000 டாலர். அடிப்படை வரி சுமார் 2,490. அடுத்த வீடு அதே அளவு, அதே தெரு. 2024இல் ஒரு இளம் குடும்பம் அதை 20 லட்சத்துக்கு வாங்குகிறது. அவர்களுடைய வரி 20,000. எட்டு மடங்கு. ஒரே தெரு விளக்கு, ஒரே தீயணைப்பு வண்டி, ஒரே பள்ளி.

அநியாயம் என்பது ஒரு பக்கம். சந்தைக்கு அதைவிட முக்கியம், அந்த முதியவர் வீட்டை விற்க மாட்டார் என்பது. பிள்ளைகள் போய்விட்டார்கள், மூன்று படுக்கையறையில் இரண்டு சும்மா கிடக்கின்றன, சின்ன வீடே போதும் என்று அவருக்கே தோன்றும். 2020 வரை, விற்று வேறொன்று வாங்கினால் பழைய வரி மதிப்பு பல சமயங்களில் போய்விட்டது. இதன் மேல் மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்துக்கான வரி வேறு. தம்பதிக்கு 5 லட்சம் டாலர் ஆதாயம் வரை விலக்கு என்று 1997இல் கூட்டாட்சி அரசு வைத்தது. விலைவாசிக்கு ஏற்ப அந்த வரம்பு ஏறவில்லை. நாட்டின் பெரும்பாலான ஊர்களில் 5 லட்சம் ஆதாயம் என்பது தாராளம். இங்கே 1 லட்சத்துக்கு வாங்கியது 20 லட்சமானால் 14 லட்சத்துக்கு வரி கட்ட வேண்டும். விற்காமல் வைத்திருந்து இறந்தால், வாரிசுக்கு அந்த ஆதாயம் கணக்கில் இல்லாமலே போய்விடும். ஏனென்றால் இறந்த தேதியின் சந்தை மதிப்பே வாரிசின் வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளப்படும். 1986 முதல் பெற்றோரின் பழைய சொத்து வரி மதிப்பும் பிள்ளைகளுக்குக் கடந்துபோகலாம் என்று மாநிலம் அனுமதித்தது.

இவற்றை எல்லாம் கூட்டினால், விற்காதே, கடைசி வரை வைத்திரு என்று சட்டமே சொல்கிறது. யாரையும் பேராசைக்காரர் என்று குறை சொல்லத் தேவையில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் செய்வார். ஆனால் இதனால் சந்தையில் எப்போதும் விற்பனைக்கு இருக்கும் வீடுகளின் எண்ணிக்கை சிறுத்துக்கொண்டே வந்தது. புது வீடு கட்ட இடம் இல்லை, பழைய வீடு கைமாறுவதில்லை. வாங்க வரும் இரண்டு பேர் ஒரே வீட்டின் மேல் ஏலம் போடுவது போல ஒவ்வொரு விற்பனையும் நடந்தால், அதில் யாரிடம் அதிகப் பணம் இருக்கிறதோ அவருடைய சம்பளமே தெருவின் விலை. பங்குகளோடு சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் வந்த பிறகு தெருவின் விலை அவர்கள் பங்கு விலையோடு சேர்ந்து நகரத் தொடங்கியது.

நகராட்சிகளின் கணக்கும் மாறியது. வீட்டு வரி அடங்கிப்போனதால், ஒரு நிலத்தில் வீடு கட்டுவதைவிடக் கடை வந்தால் விற்பனை வரியில் பங்கு கிடைக்கும், அலுவலகம் வந்தால் பள்ளிக்கூடச் செலவு இல்லை. ஒவ்வொரு ஊரும் அலுவலகம் எனக்கு, குடியிருப்பு பக்கத்து ஊருக்கு என்று நினைத்தது. பக்கத்து ஊரும் அதையேதான் நினைத்தது.

சரிவுகளும் அவற்றைப் படிக்கும் விதமும்

இந்த நீண்ட ஏற்றத்தில் பள்ளங்களும் உண்டு. 2000இல் கவுன்ட்டியின் நடு வீட்டு மதிப்பு 4,46,400 டாலர், நாட்டின் மதிப்பைப் போல மூன்றே முக்கால் மடங்கு. அடுத்த சில வருஷத்தில் டாட்காம் குமிழி, அதாவது இணைய கம்பெனிப் பங்குகளின் அதீத ஏற்றம், வெடித்து ஏறத்தாழ 2 லட்சம் வேலைகள் போயின. வாடகை வேகமாக இறங்கியது. வீட்டு விலை அவ்வளவு இறங்கவில்லை. வட்டி குறைந்ததும் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது. மண்ணை வைத்திருப்பவர் விற்கும் கட்டாயத்தில் இல்லாதபோது இப்படித்தான் ஆகும்.

2008இல் கட்டாயம் வந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் வீடுகளை வங்கிகள் எடுத்து விற்றன. இதை எண்ணில் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. செய்திகளில் வரும் நடு விலை என்பது அந்த மாதம் விற்ற வீடுகளை விலை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பது. மலிவான பகுதிகளான கிழக்கு சான் ஹோசேயிலும் கில்ராயிலும் வங்கி விற்ற வீடுகள் வரிசையை நிரப்பின. விலை உயர்ந்த பாலோ ஆல்டோவிலும் குப்பெர்டினோவிலும் விற்க நினைத்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். உடனே நடு விலை விழுந்தது. ஒவ்வொரு வீடும் அவ்வளவு விழுந்தது என்று அதற்கு அர்த்தமில்லை. மாறாக, மலிவு வீடு வாங்குவோர் ஒதுங்கினால் எந்த வீட்டின் விலையும் ஏறாமலே நடு விலை ஏறும். இதைத் தவிர்க்க ஒரே வீடு இரண்டு முறை விற்கும்போது உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் முறையை 1963இல் மூன்று ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். பிற்பாடு கேஸ், ஷில்லர் என்ற பேராசிரியர்கள் அதை வளர்த்த குறியீடுதான் இன்று எல்லோரும் பார்ப்பது. உங்கள் தெருவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால், கவுன்ட்டியின் நடு விலையைவிட, அதே தெருவில் இரண்டு முறை கைமாறிய ஒரு வீட்டின் பதிவு அதிகம் சொல்லும்.

அந்தச் சரிவில் ஏழைப் பகுதிகள் ஆழமாக விழுந்தன, பணக்காரப் பகுதிகள் லேசாகத் தட்டுத் தடுமாறி எழுந்தன. வீட்டை இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கவுன்ட்டியில் இரண்டாவது வாய்ப்பு வரவில்லை. 2012க்குப் பிறகு வந்த ஏற்றம் அவர்களை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டது. எனக்கு இந்த வரலாற்றிலேயே வருத்தம் தரும் பகுதி இதுதான்.

வட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 30 வருஷ நிலை வட்டி 1981 அக்டோபரில் 18.63 சதவீதம் வரை போனது. அங்கிருந்து நாற்பது வருஷம் இறங்கி 2021 ஜனவரியில் 2.65 ஆனது. இந்த இறக்கம், ஒரே மாதத் தவணைக்கு ஒவ்வொரு தலைமுறையும் முன்னதைவிடப் பெரிய கடன் வாங்க வைத்தது. மண் அந்தக் கூடுதல் தொகையை உறிஞ்சிக்கொண்டது. பின் 2023 அக்டோபரில் வட்டி 7.79. பத்து லட்சம் டாலர் கடனுக்கு 2.65இல் மாதத் தவணை சுமார் 4,030. 7.79இல் சுமார் 7,190. விலை சரியும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2.65இல் கடன் வைத்திருப்பவர் ஏன் அதை விட்டுவிட்டு 7.79க்குப் போவார்? வரிப் பூட்டின் மேல் வட்டிப் பூட்டும் சேர்ந்தது. 2024இன் இரண்டாம் காலாண்டில் சான் ஹோசே வட்டாரத்தின் தனி வீட்டு நடு விலை 20 லட்சம் டாலரைத் தாண்டியது. அமெரிக்க நகர வட்டாரங்களில் அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் வட்டாரம் இதுதான்.

யார் மிச்சம்

குப்பெர்டினோவின் பெயரைச் சொன்னாலே நம் ஆட்கள் பள்ளிக்கூடத்தைத்தான் சொல்வார்கள். நல்ல பள்ளிக்காகவே அங்கே கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். இன்று ஊரில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிய வம்சாவளியினர். அதே ஊரின் தொடக்கப் பள்ளி மாவட்டம், மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததால் 2022இல் இரண்டு பள்ளிகளை மூடியது. சின்னப் பிள்ளைகள் உள்ள வயதில் இருப்பவர்களால் அங்கே வீடு வாங்க முடியவில்லை, பிள்ளைகள் வளர்ந்தவர்கள் வீட்டை விடவில்லை. பள்ளிக்காக ஏறிய விலை கடைசியில் பள்ளியைக் காலி செய்தது.

வாங்க முடியாதவர்கள் மலையைத் தாண்டிப் போனார்கள். ட்ரேசி, மான்டீகா, லாஸ் பேனோஸ் போன்ற ஊர்களிலிருந்து விடியுமுன் கிளம்பி வேலைக்கு வருகிறார்கள். ஸ்டாக்டனிலிருந்து சான் ஹோசேக்கு ஒரு ரயில் 1998 முதல் ஓடுகிறது. இந்த ஊரின் குழாய்ப் பணியாளர், செவிலியர், காவலர் பலருடைய வீடு இந்த ஊரின் சந்தைக் கணக்கிலேயே வராது. ஐம்பது மைல் தள்ளியுள்ள வேறொரு சந்தையில் இருக்கிறது.

இப்போது அசைவது என்ன

மாநில அரசு 2017 முதல் விதிகளைத் தளர்த்தி வருகிறது. பின்தோட்டத்தில் துணை வீடு கட்டுவதை நகரங்கள் எளிதில் மறுக்க முடியாது. இங்கே எல்லோரும் ஏடியு என்று சொல்வது அதைத்தான். இதுவரை வந்த மாற்றங்களில் உருப்படியாக வேலை செய்தது இது. சான் ஹோசே 2024இல் அந்தத் துணை வீட்டைத் தனியாக விற்கவும் வழி விட்டது. 2022 ஜனவரி 1இல் அமலுக்கு வந்த சட்டம் ஒன்று, தனி வீட்டு மனையில் இரண்டு வீடு கட்டவும், மனையை இரண்டாகப் பிரிக்கவும் அனுமதிக்கிறது. ஒரு மனைக்கு ஒரு வீடு என்ற நூறு வருஷ விதி காகிதத்தில் முடிந்துவிட்டது. நடைமுறையில் மிகக் குறைவாகவே பயன்பட்டிருக்கிறது. மனையைப் பிரிப்பவர் மூன்று வருஷம் அங்கேயே குடியிருக்க உத்தேசம் என்று உறுதி தர வேண்டும். அதனால் கட்டுநர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். எழுபது வயது வீட்டுக்காரருக்கோ அந்த வேலைக்குத் தெம்பில்லை.

அடுத்த இருபது வருஷத்தின் பெரிய விஷயம் வயதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1970களில் வாங்கியவர்கள் இப்போது எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். 2020இல் நிறைவேறிய 19ஆம் முன்மொழிவு வரிப் பூட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் இளக்கியது. 55 வயதைத் தாண்டியவர்கள் பழைய வரி மதிப்பை மாநிலத்தில் வேறொரு வீட்டுக்கு மூன்று முறை வரை எடுத்துப்போகலாம். பெற்றோர் வீட்டில் பிள்ளை தானே குடியிருந்தால்தான் பழைய வரி மதிப்பு தொடரும். அப்போதும் அதற்கு ஒரு வரம்பு உண்டு. வாடகைக்கு விட்டால் முழுச் சந்தை விலைக்கு வரி. சியாட்டிலிலோ ஆஸ்டினிலோ வாழும் பிள்ளைகளுக்கு வீட்டை வைத்திருக்க இப்போது காரணம் குறைவு. அதனால் அரை நூற்றாண்டாகக் கைமாறாத வீடுகள் மெல்ல மெல்லச் சந்தைக்கு வரும். வெள்ளமாக வராது. ஒரு தெருவில் இந்த வருஷம் ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று என்று வரும்.

அப்படி வரும் வீட்டை யார் வாங்கி என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மனை 6,000 சதுர அடி, நம் கணக்கில் இரண்டரை கிரவுண்டு. விலையில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான் என்பதால் பழைய வீட்டை இடிப்பது வாங்குபவருக்கு இழப்பே இல்லை. அதே இடத்தில் 3,000 சதுர அடிக்கு ஒரே வீடு எழுப்பினால் அனுமதி பழகிய பாதை, வங்கிக்கும் பழகிய கணக்கு, வாங்கவும் ஆள் உண்டு. மூன்று குடும்பத்துக்கு மூன்று சின்ன வீடு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சாக்கடை இணைப்பு, தனி மீட்டர், தனிக் கட்டணம், தெரியாத பாதை. இடிக்கும் இடத்தில் நிற்கும் கட்டுநரிடம் கேட்டால் முதலாவதுதான் லாபம் என்பார். இந்த இணைப்புக் கட்டணங்களையும் அனுமதிக்கு ஆகும் மாதங்களையும் நகர மன்றங்கள் எவ்வளவு குறைக்கின்றன என்பதைப் பொறுத்து, இரண்டாவது கணக்கு முதலாவதை எட்டிப் பிடிக்கலாம்.